முடிஞ்சா அழி!

"இங்க வந்து பாரு, மறுபடியும் எழுதிட்டான் படுபாவி!"

பால்கனியில் நின்று கத்தினார், ரிட்டயர்டு சர்வேயர். எதிரே பஸ் ஸ்டாப் சுவரில், நேற்று அவர் வெள்ளையடித்த இடத்துக்கு மேலே கொட்டை எழுத்தில்: 'முடிஞ்சா அழி!'

மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "விட்டுத் தள்ளுங்க. நம்ம வீட்டுச் சுவரா அது?"

"அதெப்படி விடறது? நகராட்சில 'ஆள் அனுப்புறோம் சார்'னாங்க, அந்த ஆளு இன்னும் வந்துக்கிட்டே இருக்கான்! பத்து நாளா எனக்கு இதே பொழைப்பு. டேப் வச்சு அளந்தே பார்த்துட்டேன், தினம் மூணு அங்குலம் மேல ஏறுறான். கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி!"

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"காலைல பால் வாங்கப் போனியே, எவனாவது கண்ணுல பட்டானா?"

"ஈ காக்கா இல்லீங்க."

"சரி, ஸ்டூலை எடு."

"கால் ஆடுதுன்னு ரிப்பேருக்குக் குடுத்திருக்கேனே."

பல்லைக் கடித்துக்கொண்டு பெயிண்ட் டப்பாவை எடுத்தார். அவருக்கு வலது தோள் இறுகிப்போய் மூன்று மாதம். சட்டை மாட்டிவிடக்கூட மனைவி வேண்டும். இந்த மாதத்துக்குள் கை தலைக்கு மேல் எழும்பாவிட்டால் ஆபரேஷன்தான் என்று பிசியோதெரபி டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பயிற்சி செய்யச் சொன்னால், "தூக்கு, இறக்குன்னு ஆட நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று ஒரே நாளில் மூட்டை கட்டிவிட்டார் மனிதர். கெஞ்சிப் பார்த்து, அழுது பார்த்து, மனைவி ஓய்ந்தே போனாள்.

சுவரடியில் அவர் முனகுவதைப் பார்த்து, பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் கேட்டார். "இடது கையால அடிங்களேன் சார்?"

"திட்டுத் திட்டாத் தெரியும்யா! செய்யறதை ஒழுங்கா செய்யணும்."

'அம்மா, அப்பா' என்று அலறிக்கொண்டே கடைசி எழுத்தையும் அழித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

"நாளைக்கு மட்டும் எழுதட்டும், கையும் களவுமா பிடிக்கிறேன்!" என்று உறுமியபடியே, சட்டையைத் தானே கழற்றி எறிந்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்தச் சட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மனைவி, ரகசியமாகப் போனில் பேசினாள்.

"டாக்டரம்மா, இன்னைக்குக் கை காதைத் தாண்டிடுச்சு! இன்னும் மூணு அங்குலம் ஏத்தணுமா? ஐயோ, இப்பவே பக்கத்து வீட்ல ஒளிச்சு வச்சிருக்கிற ஸ்டூல் மேல ஏறித்தானே எழுதிட்டு வர்றேன்!"