தலையைத் தூக்காதீங்க சார்

"கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு இருக்கணும் சார். பந்து இடது குதிகாலுக்கு நேரா. ஆங், அப்படித்தான். இப்போ இல்லாத ஸ்டூல்ல உட்காரப் போற மாதிரி பின்பக்கத்தைக் கொஞ்சம் தள்ளுங்க."

அக்கவுண்டன்ட் சொல்லச் சொல்ல எம்.டி. அப்படியே செய்தார். ஆபீஸில் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், கோல்ஃப் மைதானத்தில் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு சமர்த்தாக நின்றார்.

மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்ற ஸ்டோர்கீப்பருக்கு எரிச்சலாக வந்தது. அக்கவுண்டன்டுக்கு 'ஜால்ரா' என்று பட்டப்பெயர் வைத்ததே அவன்தான். சனிக்கிழமை தவறாமல் முதலாளியோடு மைதானத்துக்கு வந்து காக்கா பிடிக்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பதாம்?

ஆனால் இன்று அவனே பை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மனைவிக்கு எட்டாம் மாசம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ள அவனை விட்டால் ஆளில்லை. லீவு கேட்க எம்.டி. அறைக்குள் போனால், வாயைத் திறப்பதற்குள், "ஸ்டாக் எடுக்கிற மாசம். யாருக்கும் லீவு கிடையாது, போங்க" என்று விரட்டிவிட்டார்.

வேறு வழியில்லாமல் அக்கவுண்டன்டிடம் போய் அழாத குறையாகச் சொன்னான்.

"சனிக்கிழமை என்கூட வா தம்பி. பையைத் தூக்கு, வாயை மட்டும் திறக்காதே. முதல் அடி நல்லா போச்சுன்னா அன்னிக்கு நாம எது கேட்டாலும் அவர் தருவார்."

"போகலைன்னா?"

"அது என் கவலை."

இப்போது அந்த முதல் அடிக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

"வலது தோளை லேசா இறக்குங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க. பலம் கையில இல்ல சார், நிக்கிற நிலையில இருக்கு. ஒரே மாதிரி நின்னா ஒரே மாதிரி போகும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் பிரமாதமா போச்சே சார். முக்கியமா, அடிச்ச பிறகும் தலையைத் தூக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் பந்து வெச்சிருந்த குச்சியையே பாருங்க."

எம்.டி. மூச்சை இழுத்துப் பிடித்து ஓங்கி வீசினார்.

பந்து எழும்பி, வலது பக்கம் வளைந்து, குளத்தைத் தேடிக்கொண்டு போனது. போய் 'தொபுக்' என்று விழவும், அக்கவுண்டன்டுக்கு இருமல் வரவும் சரியாக இருந்தது. சாதாரண இருமல் இல்லை. கரையில் நின்ற கொக்கு பறந்தே போய்விட்டது.

"அம்பு மாதிரி போச்சு சார். இப்போ தலையைத் தூக்கலாம். மெதுவா வாங்க, நான் முன்னாடி போய்ப் பந்தைப் பார்க்கறேன்."

ஸ்டோர்கீப்பர் குளத்தைப் பார்த்தான். பந்து தண்ணிக்குள் கிடக்கிறது, இவர் எதைப் போய்ப் பார்க்கப் போகிறார்? பையோடு பின்னாலேயே ஓடினான்.

முதல் மரத்தடியில் அக்கவுண்டன்ட் நின்றார். குனியப் போனவர், திரும்பி ஸ்டோர்கீப்பரின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனியாமல் நடந்தார். இரண்டாவது மரத்தைத் தாண்டினார். அதற்கும் அப்பால் இருந்த மேட்டில் ஏறி, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்தார். எழுந்தபோது காலடியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பந்து.

"அண்ணே, வாராவாரம் இதுதான் நடக்குதா?"

"மெதுவா பேசு. வாட்ச்மேன் பொண்ணு கல்யாணத்துக்கு, கேஷியர் கண் ஆபரேஷனுக்கு, எல்லா லீவும் இப்படி வாங்கினதுதான்."

ஸ்டோர்கீப்பர் தோளில் பையோடு கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிடுங்கண்ணே. உங்களை நான் என்னென்னமோ பேசியிருக்கேன்."

"தெரியும். பேரும் தெரியும்."

"ஆனா இவ்வளவு தூரத்துல போட்டா யாருண்ணே நம்புவாங்க? பீரங்கியில வெச்சு சுட்டாலும் இங்க வராதே. முதல் மரத்தடியிலயே போட்டிருக்கலாம்ல?"

"அங்கதான் போட இருந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்தேனா, கால் நிக்க மாட்டேன்னுடுச்சு."

எம்.டி. மூச்சு வாங்க மேடேறி வந்தார். பந்தைப் பார்த்தார். தான் அடித்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் பந்தைப் பார்த்தார்.

"இது நான் அடிச்சதா?"

"நீங்களேதான் சார். நின்ன நிலை அப்படி." சொல்லிவிட்டு அக்கவுண்டன்ட் இரும ஆரம்பித்தார்.

"முதல்ல அந்த இருமலுக்கு டாக்டரைப் பாருங்க. பந்து தண்ணியில விழற நேரம் பார்த்துக் கரெக்டா வருது."

இருமல் அந்த நிமிஷமே குணமாகிவிட்டது.

"அப்படியே லேஸ் வெச்ச ஷூவா ஒண்ணு வாங்கிக்கோங்க."

அக்கவுண்டன்ட் குனிந்து பார்த்தார். ஸ்டோர்கீப்பரும் பார்த்தான். காலில் இருந்தது மாட்டிக்கொண்டு நடக்கிற ஷூ. அதில் லேஸ் போட ஓட்டைகூட இல்லை.

லீவு போச்சு. தன் வேலையும் போச்சு. தன்னால் பாவம் அண்ணன் வேலையும் போச்சு. ஸ்டோர்கீப்பர் பையை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எம்.டி. மட்டையை ஊன்றிக்கொண்டு மூச்சை ஆற்றிக்கொண்டார்.

"என் ரூமுக்குள்ள வர்றவங்க எல்லாருமே அவசரம்னுதான் சொல்றாங்க. யாருக்கு நிஜமாவே அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான், இவர் எதுவரைக்கும் நடந்து போய்க் குனியறார்னு பார்த்துக்குவேன். கேஷியர் கண் ஆபரேஷனுக்கே பந்து முதல் மரத்தைத் தாண்டலை."

ஸ்டோர்கீப்பர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குப் பந்து மேடேறி வந்து கிடக்கு. வீட்டுல என்ன ஆச்சு, எத்தனை நாள் வேணும்?"