கறுப்பியின் மூக்கு

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் அறிய, இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லப்படவில்லை. வெல்லாவெளியில் கறுப்பி என்றோர் எருமை இருந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு டீசல் கலந்தாலும் அதன் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

வீதிக்குப் போடும் கிறவல் மண்ணைத் தோண்டி முடித்த பெருங்குழியின் கரையில் றிஸ்லான் கடதாசியும் கையுமாக நின்றான். குழி தோண்டிய கொம்பனிக்கு ஏறாவூரிலிருந்து வந்த இஞ்சினியர். குழியிலிருந்து வாய்க்காலுக்கு வடியும் தண்ணீர் சுத்தம் என்று வட்டவிதானை அருமைநாயகம் கையெழுத்து வைத்துவிட்டால், மழைக்கு முதல் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் அந்த வாய்க்கால்தான் கீழே அறுபது ஏக்கர் வயல் வட்டைக்குப் பாய்கிறது. அந்தத் தண்ணீருக்குப் பொறுப்பு அருமைநாயகம். போன போகம் செந்தண்ணீர் பாய்ந்து பயிர் மஞ்சளித்தபோது கொம்பனிக்கு மூன்று கடிதம் எழுதினார், பதிலே இல்லை. கொம்பனி போய்விட்டால் இனிக் கேட்பதற்கு ஆளும் இல்லை.

"விதானையார், கொழும்பில சோதிச்ச றிப்போட் இந்தா இரிக்கி. தண்ணி சரியாம்."

"சந்தோசம் மனே. ஆனா கறுப்பிக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதே."

எருமையை அவர் கயிற்றில் பிடித்து வந்தார். வாயோரம் தண்ணீர் சொட்டச் சொட்ட, கலியாண வீட்டுக்குப் போய் வந்த மாதிரி அசைந்து வந்த கறுப்பி, குழித் தண்ணீரை மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. இடது காதை ஒருதரம் ஆட்டியது.

கூடி நின்ற கமக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"இடக்காது எண்டா எண்ணெய்," என்றார் விதானையார். "மெசின் நிண்ட இடத்து மண்ண வழிச்செடுங்க."

"ஐயா, ஈ கடிச்சிருக்கும்!" என்றான் றிஸ்லான்.

"ஈ நம்மளையும்தான் கடிக்கிது. நாம காத ஆட்டுறமா?"

றிஸ்லான் ஆட்களைக் கூப்பிட்டான். எண்ணெய் ஊறிய மண்ணை வழித்து, லொறியில் ஏற்றி அனுப்பினான்.

இரண்டு கிழமை கழித்துக் கறுப்பி திரும்பவும் வந்தது. மோந்தது. குடிக்கவில்லை. இந்த முறை வலது காது.

"வலக்காது எண்டா களிமண். குழிய மூடி மேல்மண்ணப் போட்டு, புல்லு வைங்க. வடியிற தண்ணி தெளிஞ்சு போறதுக்கு ரெண்டு மடுவும் வெட்டுங்க."

'இடது எண்ணெய், வலது களி' என்று றிஸ்லான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். தலைமைக் காரியாலயத்திலிருந்து தொலைபேசியில் ஏசினார்கள்.

"எருமை இன்னும் சம்மதிக்கல்ல சேர்," என்றான்.

குழி மூடப்பட்டது. புல் பிடித்தது. முதல் மடுவில் மண் அடைந்து, இரண்டாவதில் தெளிந்து, வாய்க்காலில் இறங்கிய தண்ணீரின் அடியில் கூழாங்கல் தெரிந்தது. விதானையார் வரம்பில் குந்தியிருந்து, மீன்குஞ்சுகள் ஓடுவதைக் கனநேரம் பார்த்தார்.

"நாளைக்குக் கறுப்பியக் கொண்டு வாறன்," என்று எழும்பினார்.

மறுநாள் அவர் கறுப்பியைக் கொண்டு வரவில்லை. கறுப்பிதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது மடுவில் வாயை வைத்தது, எடுக்கவே இல்லை. மடு இரண்டு அங்குலம் இறங்கியது என்று அளந்தவர்கள் சொன்னார்கள். கமக்காரர்கள் விசிலடித்தார்கள். றிஸ்லானுக்குக் கண் கலங்கிவிட்டது. விதானையார் அந்த இடத்திலேயே, எருமையின் முதுகில் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவர் வீட்டில் தேத்தண்ணி. றிஸ்லான் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"விதானையார், எங்களுக்கு இன்னொரு கிறவல் குழி மூடக் கிடக்கு. கறுப்பிய ஒரு மாசத்துக்குத் தருவீங்களா? கொழும்பு லெப்ல கூட இப்பிடி ஒரு மூக்கு இல்ல."

விதானையாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவர் மனைவி புஸ்பம் கோப்பையை நீட்டியபடியே சொன்னாள்:

"கொண்டு போங்க மனே. அது குடிக்கப்படாதெண்டா, கூட்டி வரமுதல் நாலு வாளி தண்ணி வைங்க. குடிக்கணுமெண்டா விடிய ரெண்டு சிறங்கை உப்பு."