சம்பந்தி பாஷை

"கண்ணு நோவுதா? மந்து போடவா? நீரு... நீரு வேணுமா?"

உள்ளறையில் என் மனைவியின் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டிலில் இருப்பது சம்பந்தியம்மா, மருமகளின் தாய். கண்ணில் ஆபரேஷன். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நாங்கள்தான் துணை.

அந்தம்மாவுக்கு நம் மொழி தெரியாது. வந்த புதிதில், யார் கை பட்டாலும் பதறினார். சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். "ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்று மகளிடம் ஒரே அழுகை. இப்போது பயணம் செய்தால் பார்வையே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கல்யாணத்தன்று இதே அம்மா தன் மொழியில் ஏதோ சொல்ல, அவர்கள் கூட்டமே சிரித்தது. எங்களைப் பார்த்துத்தான். என் மனைவி மறந்துவிட்டதாகச் சொல்வாள். நான் மறக்கவில்லை.

அதற்காக, கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பவரிடமா பழி தீர்ப்பது?

அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். "என்ன, நக்கலா?"

"என்ன நக்கல்?"

"அவங்க மாதிரியே பேசிக் காட்டறியே! தண்ணிக்கு நீரு, மருந்துக்கு மந்து. வலிக்குதான்னு கேட்டா வாய் சுளுக்கிக்குமா?"

"தண்ணின்னா அவங்களுக்குப் புரியலைங்க. நீருன்னா உடனே வாயைத் திறக்கறாங்க. பாலு, உப்பு, கண்ணு, காலு எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒரு காலத்துல ஒரே குடும்பமா இருந்து, பாகம் பிரிச்சப்போ ஆளுக்குக் கொஞ்சம் பாத்திரம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க போல. எது ரெண்டு வீட்டுலயும் இருக்குன்னு தேடித் தேடிப் பேசறேன்."

"ஆமா, இவ பெரிய பண்டிதை!"

"நீங்க மட்டும் என்னவாம்? மருமக வந்ததுலேர்ந்து, சாப்பாடு போட்டா 'சாலு சாலு'ங்கறீங்களே. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

'போதும்' என்று சொல்வதை நான் எப்போது விட்டேன்? தெரியவில்லை. ஆனாலும் அவளை விடுவதாக இல்லை.

மருமகள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "உங்கம்மாகிட்டக் கேளும்மா. உன் அத்தை பேசறது அவங்க மனசைப் புண்படுத்துதான்னு கேளு."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டாள். சம்பந்தியம்மா படபடவென்று பொரிந்து தள்ளினார். குரலில் நல்ல கோபம்.

"பார்த்தியா?" என்றேன் மனைவியிடம்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஊருக்குப் போறேங்கறாங்களா?" என்றாள் மெல்ல.

"இல்லை அத்தை, என்னைத்தான் திட்டறாங்க." மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "'உன் மாமியார் நம்ம மொழிக்காரங்கன்னு இத்தனை வருஷமா ஏன்டி எங்கிட்ட மறைச்சே'ங்கறாங்க!"