பலூன்காரி

பட்டப்பகலில் வானத்திலிருந்து இறங்கிய வெளிச்சம் ஒன்று மிக்கேலை வள்ளத்தோடு தூக்கிக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தவள் அவன் மனைவி பிரகாசி. விசாரிக்க வந்த மேஜர் தயாளன், இரண்டு சாட்சி இல்லாத காட்சியெல்லாம் பலூன்தான் என்ற புதுச் சட்டப்படி அவளைக் கோயில் மைக்கின் முன்னால் நிறுத்தி, "நான் பார்த்தது பலூன்" என்று ஊர் கேட்கச் சொல்ல வைத்தார். தேடச் சொல்லிக் காலில் விழுந்தவளிடம், "காத்துல போன பலூனை எங்கம்மா தேடுறது?" என்று சிரித்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவள் பலூன்காரி.

இன்று அதே வெளிச்சம், மேஜரின் கண்ணெதிரே, கடல் பார்க்க வந்த அவர் மனைவியை ஜீப்போடு தூக்கிவிட்டது.

மேலதிகாரிகள் வந்து இறங்கினார்கள். இரண்டாவது சாட்சி இல்லாமல் ராணுவம் தேடாது. மேஜரைத் தவிரக் கரையில் இருந்ததோ, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பிரகாசி மட்டும்.

மேஜர் கைகூப்பினார். "நீங்களும் பாத்தீங்கல்ல தாயே? சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரையும் சேத்துத் தேடச் சொல்றேன்."

மிக்கேலைத் தேடுவார்கள்! பிரகாசி கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஆனால் அன்று எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை.

"பாத்தேன்" என்றாள்.

மேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பலூன்."

அதிகாரிகள் ஹெலிகாப்டரை நோக்கி நடந்தார்கள். "தேடணும் தாயே, தேடணும்!" என்று மேஜர் மணலில் விழுந்து கதறினார்.

"காத்துல போன பலூன எங்கன சார் தேட?" என்ற பிரகாசி, கோயில் பக்கம் கையைக் காட்டினாள். "மைக்கு அங்கனதான் இருக்கு."