சேலைக்கு ஒரு கதவு

கட்டப்போகும் அடுக்குமாடியின் சின்ன மாடலில் வீட்டுக்கு மூன்று குளியலறை. அத்தனைக்கும் கதவு வேண்டுமாம். மாடல் செய்யும் என் கம்பெனியில் அச்சு வாங்கித் தர மாட்டார்களாம். படித்தவள்தானே, நீயே செய் என்றார்கள். வீட்டில் வைத்தே சிலிக்கோன் பசையில் சோளமாவைப் பிசைந்து, மரத்தில் செதுக்கிய கட்டைவிரல் அளவுக் கதவை அதில் அழுத்தி அச்செடுத்தேன். அதில் இறுகிக் கெட்டியாகும் ரெசினை ஊற்றினேன். ஒரு கதவில் மட்டும் காற்றுக்குமிழி விழுந்து ஓட்டையாகிவிட்டது.

"இது ஆகாதாடி?" என்றாள் அம்மா.

"தூக்கித்தான் போடணும்."

"எங்கிட்ட குடு."

எங்கள் குளியல் மறைப்புக்குக் கதவு கிடையாது, பழைய சேலைதான். யாராவது பக்கத்தில் வந்தால் அம்மா உள்ளேயிருந்து இருமுவாள். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இருமுகிறாள். ஓட்டையில் ஊக்கைக் கோத்து, கதவைச் சேலையில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நகத்தால் அதைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா இருமவில்லை.

"இருடி, தாழ்ப்பாள எடுக்கறேன்" என்றாள்.