ஹார்லன் நின்ற இடம்

"சங்கிலி வேணாம் டுவேன். ஹார்லனுக்குச் சங்கிலி பிடிக்காது. அந்த ரப்பர் பட்டையை எடு."

மார்லிஸ் ஏணியில் நின்றபடி கையை நீட்டினாள். பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து அறுத்த இரண்டு பட்டைகளை டுவேன் எடுத்துக் கொடுத்தான். பிடிக்காது என்கிறாள், கணவனைப் புதைத்து ஆறு மாதம் ஆனதே தெரியாதவள்போல.

வேலை பெரிதில்லை, துப்பாக்கி சுட்டுப் பழக ஒரு இலக்கு. இரண்டு பக்கமும் குழாய்க் கால்கள், மேலே ஒரு குறுக்குக் குழாய், அதிலிருந்து பட்டையில் தொங்கும் வட்ட எஃகுத் தகடு. குண்டு பட்டால் தகடு ஊசலாடும், மணிபோல ஒலிக்கும். போன ஏப்ரலில், இதே மண்மேட்டுக்கு முன்னால், இப்படி ஒரு தகட்டைக் குறிவைத்து ஹார்லன் சுட்டபோதுதான் குண்டின் சில்லு ஒன்று திரும்பி வந்து அவன் கழுத்தில் பாய்ந்தது.

தகட்டை வெட்டிக் கொடுத்தவன் டுவேன். கட்டித் தொங்கவிட்டவன் ஹார்லன். தகடு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தால் சில்லு தரைக்குப் போயிருக்கும், அவசரக்காரன் நேராகத் தொங்கவிட்டுவிட்டான், தன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று ஊரே பேசியது. ஷெரிஃபிடம் டுவேன் சொன்னதும் அதுதான். அடக்கத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. நேற்று மார்லிஸே போன் செய்தாள்.

"பொறுப்பில்லாதவர்னு அவர் பேர் கெட்டுக் கிடக்கு டுவேன். என்னால அதைத் தாங்க முடியல. அவர் எப்படிக் கட்டுவாரோ அப்படியே ஒண்ணு கட்டணும். நீ வருவியா?"

வந்துவிட்டான். 'உன் மேல தப்பில்ல' என்று அவள் வாயால் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், தூக்கம் வரும்.

அவள் ஏணியிலிருந்து இறங்கி அவன் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கு உன் வெல்டிங். ஹார்லன் சிரிக்கிறாரு."

"சிரிக்கிறானா?"

"உன் வேலையைப் பார்த்து எப்ப சிரிக்காம இருந்திருக்காரு?"

டுவேனும் சிரிக்கப் பார்த்தான். வண்டியின் பின்பலகையில் மூன்று கோப்பைகளில் காப்பி ஊற்றியிருந்தாள். மூன்றாவதிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"யாராச்சும் வராங்களா மார்லிஸ்?"

"இல்லையே. நாம மட்டும்தான்."

புல்வெளியில் காற்று எழுந்தது. வெள்ளை பெயின்ட் அடித்த தகடு தானாக மெல்ல ஆடியது. முன்னால் சரியாகச் சாய்ந்துதான் தொங்கியது. அவள் கைத்துப்பாக்கியையும் மஞ்சள் கண்ணாடியையும் அவனிடம் நீட்டினாள்.

"முதல் குண்டு உன்னோடது. கண்ணாடி ஹார்லனோடது. பரவாயில்ல, போட்டுக்கோ."

போட்டான். உலகம் மஞ்சளானது. இறந்தவனின் காதுகளுக்கு வளைந்த கம்பி அவன் காதைக் கவ்வியது. ஹார்லன் கடைசியாகப் பார்த்ததும் இதே மஞ்சளைத்தான்.

"நல்ல தகடா வாங்கியிருக்க," என்றான், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"வாங்கலையே. அவரோடதேதான். போன வாரம் ஷெரிஃப் திருப்பிக் கொடுத்துட்டாரு. பின்பக்கத்தை முன்னால திருப்பி பெயின்ட் அடிச்சேன். தகட்டுல குறையில்ல, தொங்கவிட்டதுலதான் குறைன்னு நீதானே சொன்ன?"

டுவேன் துப்பாக்கியை இறக்கினான்.

"கை விறைச்சிருக்கு. குளிரு. இன்னொரு நாள் பார்ப்போமே."

"சரி, கொடு. நான் சுடுறேன்."

வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. இன்னும் நடந்தாள். புல் முளைக்காத ஒரு திட்டில் போய்க் காலை ஊன்றினாள்.

"அவர் நின்ன இடம் இதுதானே?"

"மார்லிஸ், கண்ணாடி போடல நீ. பின்னால வா."

"சாய்ச்சுத்தானே தொங்குது? அப்புறம் என்ன பயம்? ஹார்லன் சுடச் சொல்றாரு."

துப்பாக்கியை உயர்த்தினாள். முகத்தில் கலக்கமே இல்லை. தகடு அவளை நோக்கி வருவதும் விலகுவதுமாக ஆடியது. அவள் விரல் மடங்குவதைப் பார்த்ததும் டுவேனின் கால்கள் தாமாக ஓடின. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரையைப் பார்க்க அழுத்தினான்.

"வேணாம். அது கெட்டி எஃகு இல்ல. பழைய தானியத் தொட்டியோட தகடு. வெறும் இரும்பு. குண்டு குழி பறிச்சுட்டு வந்த வழியே திரும்பிடும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரிஞ்சேதான் கொடுத்தியா?"

"எஃகு வந்து சேரல. சனிக்கிழமை துப்பாக்கிப் போட்டிக்குள்ள வேணும்னு அவன் நெருக்கினான். பெயின்ட் அடிச்சா தெரியாது, எஃகு வந்ததும் மாத்திடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் எடுத்துச் சுட்டுட்டான்."

"எப்படித் தொங்கவிட்டிருந்தாரு?"

டுவேன் கண்ணாடியைக் கழற்றினான். கம்பிகளை மடக்கினான்.

"சாய்ச்சுத்தான். எப்பவும்போல சரியாத்தான்."

மார்லிஸ் அவன் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, துப்பாக்கியிலிருந்து குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"அவரோட தகடு இன்னும் ஷெரிஃப் ஆபீஸ்லதான் இருக்கு டுவேன். இது செவ்வாய்க்கிழமை வந்த புது எஃகு," என்றாள். "அவர் செத்துட்டாருங்கறது எனக்கு நல்லாவே தெரியும். தெரியாம இருந்ததைத்தான் நீ இப்ப சொன்ன."