வெட்டிய நகங்கள்

போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஓவியர் ஹெட்டா கண்ணால் காணாத எதையும் வரைய மாட்டாள். போரில் வலது கையை இழந்த எவால்ட் அதனால்தான் அவள் முன் உட்காரச் சம்மதித்தார்.

"மத்தவங்க என்னைப் பரிதாபமா வரைஞ்சாங்க. நீங்க உள்ளபடி வரைங்கம்மா."

"மூக்கும் உள்ளபடிதான் வரும். அப்புறம் சண்டைக்கு வரக் கூடாது."

இடது கை நகங்கள் நீண்டு அழுக்காக இருந்தன. அவற்றையும் வரைந்தாள். தூரிகை கழுவிவிட்டுத் திரும்பியபோது நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. அறையில் வேறு யாரும் இல்லை. காலியான வலது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தியபடியே இருந்தது.

"யார் வெட்டினது?"

அவர் கூச்சத்துடன் அந்தச் சட்டைக்கையைப் பார்த்தார். "சொன்னா யாரும் நம்பறதில்ல."

ஹெட்டா தோல் நிறத்தை இன்னும் கொஞ்சம் குழைத்தாள்.

"ஆடாம உட்காருங்க. ரெண்டு கையையும்தான் சொல்றேன்."